சிவப்புப் பொத்தான் எதை நிறுத்துகிறது?

சென்ற மாதம் ஒருநாள் பிற்பகல், உயர்தர வகுப்பில் பொறியியல் தொழினுட்பம் பயிலும் மாணவர் ஒருவர், சுருட்டிய கடதாசியொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எமது விறாந்தைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தந்தையார் தச்சர். சாமியறைக் கதவுகளிலே பூவும் கொடியும் செதுக்குவதில் எமது ஊரில் அவருக்கு நிகரானவர் இலர். மகனுக்கோ, அதே பூவையும் கொடியையும் கணினி சொல்ல, யந்திரம் குடையவேண்டும் என்பது ஆசை. சட்டகமும் திருகுகளும் மோட்டர்களும் பொருத்தியாயிற்றாம். எஞ்சியிருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றுதான். ஆயத்தமாக விற்பதை வாங்கினால் பணம் போதாது. ஆகவே தாமே செய்துவிடுவதென்று துணிந்து, அதற்கான வரைபடத்தை எம்மிடம் காட்ட வந்திருந்தார்.

"பிழை இருந்தால் சொல்லுங்கோ ஐயா" என்று கடதாசியை விரித்தார்.

வரைபடம் அழகாகவே இருந்தது. கம்பிகளுக்கு வெவ்வேறு நிறமை தீட்டியிருந்தார். ஒரு மூலையிலே சிவப்பு வட்டமொன்றை வரைந்து, 'அவசர நிறுத்தம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அதிலிருந்து புறப்பட்ட மெல்லிய கோடு மூளைப் பலகையிற் சென்று முடிந்தது.

"தம்பி, இந்தச் சிவப்புப் பொத்தான் எதை நிறுத்துகிறது?" என்று கேட்டோம்.

"யந்திரத்தைத்தான் ஐயா."

"யந்திரத்தில் எதை?"

மாணவர் கடதாசியைப் பார்த்தார்; எம்மைப் பார்த்தார்; பின்னும் கடதாசியைப் பார்த்தார். அக்கேள்விக்கு விடை காண்பதற்குள் தேநீர் இரண்டு முறை வந்துபோயிற்று. அன்று பேசியவற்றை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள எண்ணியே இவ்வாரப் பகுதியை எழுதுகிறோம். இத்தகைய யந்திரங்களை வீட்டுக் கொட்டில்களிலே செய்து பார்க்கும் இளைஞர் தொகை பெருகி வருகின்றது. அவர்களுடைய தாய் தந்தையரும் இதைப் படித்தல் நன்று.

றவுட்டர் என்றதும், வீட்டுக்கு இணையத் தொடர்பைத் தரும் சின்னஞ்சிறு பெட்டியை எவரும் நினைத்துவிட வேண்டாம். நாம் குறிப்பது தச்சருடைய கருவி. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் மோட்டரின் நுனியிலே கூரிய அலகொன்றைப் பூட்டி, மரத்தில் தவாளிப்பு வெட்டுவதற்கு அதனைக் கையாலே பிடித்து நடத்துவர். அக்கருவியைக் கையிலிருந்து வாங்கி ஒரு சட்டகத்திற் பூட்டி, நீளப்போக்கு, அகலப்போக்கு, மேல்கீழ் என்னும் மூன்று திசையிலும் மோட்டர்கள் அதனை நகர்த்துமாறு செய்துவிட்டால், அதுவே கணினி நெறிப்படுத்தும் றவுட்டர். அந்த மோட்டர்களுக்கு எவ்வளவு அசைய வேண்டும், எப்போது அசைய வேண்டும் என்று கட்டளையிடும் உறுப்புகள் யாவும் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள்ளே குடியிருக்கின்றன.

இந்த மோட்டர்கள் மின்விசிறி மோட்டரைப் போல் ஓடிக்கொண்டே இருப்பவை அல்ல. ஸ்டெப்பர் என்னும் இவை படிப்படியாகச் சுழல்பவை. ஒரு படிக்கு 1.8 பாகை, ஆகவே முழுச் சுற்றுக்கு 200 படி. மோட்டருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் சுற்றுப்பெட்டி ஒவ்வொரு படியையும் 8 கூறாக வகுக்குமாறு வைத்தால், ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்பு வேண்டும். ஒரு சுற்றிலே 5 மில்லிமீற்றர் முன்னேறும் திருகோடு மோட்டரைப் பிணைத்தால், மில்லிமீற்றர் ஒன்றுக்கு 320 துடிப்பு ஆகின்றது. அலகை நிமிடத்துக்கு 1,500 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்த்த வேண்டுமாயின், மூளைப் பலகை விநாடிக்கு 8,000 துடிப்பை அனுப்புதல் வேண்டும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் தாமே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் பலகையொன்று செய்கின்றது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலே மாணவர்களுக்கென உருவாகிய ஆடுயினோ என்பது அவ்வகையில் பெயர்பெற்றது. அதன்மேல் ஓடி இத்தகைய யந்திரங்களை நடத்தும் 'கெர்பல்' என்னும் இலவச மென்பொருள் 2009இல் தோன்றிற்று. இதே வேலைக்கு முன்னாளில் எத்துணைச் சாமான் தேவைப்பட்டது தெரியுமா? உலங்குவானூர்தியின் சிறகுகளைத் திருத்தமாகச் செய்வதெப்படி என்று ஜோன் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர் கவலைப்பட்டதிலிருந்து இக்கலை பிறந்தது. அமெரிக்க விமானப்படையின் பொருளுதவியுடன், மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் 1952இல் முதலாவது யந்திரத்தை ஓட்டிக் காட்டினர். துளையிட்ட கடதாசி நாடா கட்டளை சொல்லிற்று. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அலுமாரி அலுமாரியாக நின்று அதனை விளங்கிக்கொண்டன. அந்த அலுமாரிகள் யாவும் இன்று ஒரு சவர்க்காரக் கட்டியளவு பலகைக்குள் ஒடுங்கிவிட்டன. ஆனால் மரத்தை வெட்டும் அலகு அப்படியே இருக்கின்றது. அதன் கடி சிறிதும் சுருங்கவில்லை.

நிற்க. மாணவருடைய வரைபடத்திலே நாம் கண்ட குறை, ஒரு காலத்தில் நாமே செய்த குறை. ஆதலினாலேதான் அது உடனே கண்ணிற் பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு பெட்டி செய்தோம். சிவப்புப் பொத்தானை மூளைப் பலகையோடு இணைத்தோம். அமர்த்தினால் பலகைக்குச் செய்தி போகும், பலகை மோட்டர்களை நிறுத்தும் என்பது எமது எண்ணம். நிறுத்தியும் காட்டிற்று. வெட்டும் றவுட்டரையோ, மேசைக்குப் பின்னாலிருந்த சுவர்ச் செருகியிலே நேரே செருகியிருந்தோம். ஒருநாள் மாலை, வேப்பம் பலகையொன்றிலே எழுத்து வெட்டிக்கொண்டிருக்கையில் யந்திரம் நடுவிலே நின்றுவிட்டது. கணினிக்கும் பலகைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. றவுட்டர் மோட்டரினுள்ளே கரித்துண்டுகள் உரசும் இடத்தில் ஓயாமல் பொறி பறக்கும். அப்பொறி எழுப்பும் மின்னிரைச்சல் பக்கத்திலே ஓடிய மெல்லிய கம்பிகளிற் புகுந்து பலகையைக் குழப்பியிருக்க வேண்டும். நகர்வு நின்றது, அலகு நிற்கவில்லை. ஒரே இடத்திலே நின்று சுழன்று மரத்தைக் கருக்கத் தொடங்கிற்று. புகை எழுந்தது. சிவப்புப் பொத்தானை அமர்த்தினோம். பயனில்லை, நிறுத்தும்படி எவருக்குச் செய்தி அனுப்பினோமோ அவர் முன்னரே மயங்கிக் கிடந்தார். மயங்காதிருந்தாலும் றவுட்டரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு நாம் கொடுத்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற எமது மருமகன், சுழலும் அலகுக்கு மேலாகவே கையை நீட்டிச் சுவர் ஆளியை அணைத்தான். சட்டைக் கையின் ஓரம் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிழிந்து அலகிற் சுற்றிக்கொண்டது. தோலில் ஒரு கீறலும் இல்லை. அவனுடைய தாயாருக்கு அந்தச் சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்ததென்றே இன்றளவும் எண்ணம்.

மறுநாளே அந்தப் பெட்டியைக் கழற்றிப் பிரித்தோம்.

அவசர நிறுத்தம் என்பது ஒரு வேண்டுகோளாய் இருத்தல் ஆகாது. பொத்தானை அமர்த்தியதும் மின்சாரமே அறுபட வேண்டும். கணினி விழித்திருந்தாலும் உறங்கினாலும், நிரலிலே பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறுபட வேண்டும். அதற்கு வேண்டிய உறுப்பு கொன்ராக்டர் எனப்படும் பெரிய மின்காந்த ஆளி. அதன் சுருளில் மின்னோட்டம் பாயும்வரை தொடுகைகள் மூடியிருக்கும். பாய்ச்சல் நின்றதும் வில்லொன்று அவற்றைப் படாரென்று திறந்துவிடும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்சாரம் முதலிலே பெட்டியின் உருகியையும், அடுத்து இந்தக் கொன்ராக்டரையும் கடந்த பின்னரே இரண்டாகப் பிரிய வேண்டும்: ஒரு கிளை மோட்டர்களுக்கான மின்வழங்கிக்கு, மற்றக் கிளை றவுட்டரைச் செருகும் குதைக்கு. உயிர்க்கம்பியோடு நொதுமல் கம்பியையும் சேர்த்து அறுத்தல் உத்தமம். பழைய வீடுகளிலே இவை இரண்டும் இடம் மாறியிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சிவப்புப் பொத்தான் இந்தக் கொன்ராக்டரின் சுருளோடு தொடராக நிற்க வேண்டும். சாதாரண வேளையில் அதன் தொடுகை மூடியே இருக்கும், அமர்த்தினால் திறக்கும். இவ்வாறு வைப்பதிலே ஒரு நுட்பம் உண்டு. பொத்தானுக்குப் போகும் கம்பியை எலி கடித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சுருளுக்கு மின்சாரம் போகாது, யந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றதென்று தேடுவோம், கம்பியைக் காண்போம், திருத்துவோம். இதற்கு மாறாக, அமர்த்தினால் மூடும் தொடுகையை வைத்திருந்தாலோ கம்பி அறுந்த செய்தி எவருக்கும் தெரியாது. யந்திரம் மாதக்கணக்கில் ஓடும். ஆபத்து வந்து அமர்த்தும் நாளில்தான் பொத்தான் செத்துக் கிடப்பது வெளிப்படும். அச்சு எல்லையை மீறாதபடி காக்கும் எல்லை ஆளிகளையும் இம்முறையிலேயே இணைத்தல் வேண்டும்.

பச்சைப் பொத்தானுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. அதனை ஒருமுறை தொட்டால் சுருள் உயிர் பெறும்; உடனே கொன்ராக்டரின் துணைத்தொடுகை ஒன்று மூடிக்கொண்டு, கையை எடுத்த பின்னும் சுருளைத் தாங்கிப் பிடிக்கும். மின்சாரம் ஒரு கணம் போனாலும் அந்தப் பிடி விட்டுவிடும். மீண்டும் வந்தால் யந்திரம் தானாகப் புறப்படாது. ஒருவர் வந்து பச்சையைத் தொட வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த எமது நாட்டவருக்கு இதன் அருமையை விரித்துரைக்கத் தேவையில்லை. மின்சாரம் போன வேளையில் அலகை மாற்றுவோம் என்று கையை உள்ளே விட்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவ்வாறே, அமர்த்திப் பூட்டிய சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்தாலும் யந்திரம் தானாக ஓடக்கூடாது.

கொன்ராக்டரின் சுருள் 230 வோல்ற்றிலும் கிடைக்கும். 24 வோல்ற்றிலும் கிடைக்கும். நாம் 24ஐயே வாங்குவோம். பொத்தான் பெட்டியிலிருந்து தூரத்தில், மேசை விளிம்பிலே தொங்கப்போகின்றது. அதற்குப் போகும் வயர் மிதிபடும், இழுபடும், மரத்தூளிற் புதையும். அதிலே 230 வோல்ற்று ஓடுதல் வேண்டாம். சுருளை இயக்கும் சிறிய 24 வோல்ற்று வழங்கியைக் கொன்ராக்டருக்கு முன்னே இணைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னே இணைத்தால் பச்சைப் பொத்தானை எத்தனை முறை அமர்த்தினாலும் ஒன்றும் நடவாது. நேரோட்டச் சுருளாயின் அதன் குறுக்கே ஓர் இருவாயியைத் திசை பார்த்து வைக்க வேண்டும். சுருள் விடுபடும்போது எழும் மின்னதிர்ச்சியை அது விழுங்கிக்கொள்ளும்.

"அப்படியானால் மூளைப் பலகைக்குச் செய்தி சொல்லத் தேவையில்லையோ ஐயா?" என்று மாணவர் வினவினார். கெட்டிக்காரக் கேள்வி. சொல்லத்தான் வேண்டும். மின்வழங்கியினுள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகள், சுவர் மின்சாரம் அறுந்த பின்னரும் சிறிது நேரம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். பலகை துடிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தால் மோட்டர்கள் இன்னும் சில படி நகரக்கூடும். ஆகவே ஒரே பொத்தானின் முதுகிலே இரண்டு தொடுகை வைக்கலாம்: ஒன்று கொன்ராக்டரை விடுவிக்க, மற்றது பலகைக்கு அறிவிக்க. அறிவித்தல் மரியாதைக்கு; அறுத்தல்தான் பாதுகாப்புக்கு. இவ்வளவு செய்தும் றவுட்டரின் அலகு சில விநாடி சுழன்றே ஓயும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மோட்டர்கள் வலுவிழந்ததும் பாரமான றவுட்டர் கீழே வழுகி இறங்குமோ என்பதையும் முன்கூட்டியே கையால் சோதித்தறிதல் நன்று. நிறுத்திய பின் யந்திரத்துக்குத் தான் நிற்கும் இடமும் தெரியாது. முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு பலகை வீணாகலாம். போகட்டும், வேம்பு இன்னும் வளரும்.

மின்வழங்கியைத் தெரிவதிலே பலர் தடுமாறுகின்றனர். 50 வோல்ற்று வரை தாங்கும் மோட்டர்ச் சுற்றுப்பெட்டிக்கு 48 வோல்ற்றைக் கொடுத்தால் வேகம் கூடும் என்று ஆசைப்படுவர். ஆனால் மோட்டர் சடுதியாக மெதுவாகும்போது தானே மின்சாரத்தைப் பிறப்பித்துத் திருப்பி அனுப்பும். எல்லையிலே நிற்கும் சுற்றுப்பெட்டி அந்தச் சிறு அலையிலே கருகிவிடலாம். வீட்டு யந்திரத்துக்கு 36 வோல்ற்று, 350 வாற்று தாராளம். மின்சாரம் உள்ளபோது மோட்டர் வயரைக் கழற்றினாலும் இதே கதிதான்.

பெட்டியினுள்ளே வயரை ஓட்டுவதற்கு ஊர் எல்லையைப் போல் எல்லை வகுக்க வேண்டும். 230 வோல்ற்று ஒரு பக்கம். மோட்டர் வயர்கள் நடுவே. மூளைப் பலகைக்குரிய 5 வோல்ற்று மெல்லிய கம்பிகள் மறு பக்கம். இவை ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்கோணத்திலே கடக்கட்டும். கூடிக் குலாவி ஒரே கட்டாக ஓடுதல் ஆகாது. வெளியே போகும் மோட்டர் வயர்களுக்குக் கவசமுள்ள வடம் வாங்கி, கவசத்தைப் பெட்டிப் பக்கத்திலே புவியோடு இணைக்க வேண்டும். எமது பழைய பெட்டியில் இவ்விதிகள் அனைத்தையும் மீறியிருந்தோம் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறோம்.

திருகாணியின் கீழே போகும் இழைவயரின் நுனியை ஈயத்தால் பற்றவைத்துக் கெட்டியாக்கும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. அது பார்வைக்கு நேர்த்தி, நாளடைவில் கேடு. ஈயம் மென்மையானது, திருகாணியின் அழுத்தத்தால் மெல்லமெல்ல நசிந்து ஒதுங்க, பிடி தளரும், தளர்ந்த இடம் சூடேறும். நுனியிலே செருகி நசுக்கும் சிறு செப்புக் குழல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றையும் அதற்குரிய குறட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உலோகப் பெட்டியைப் புவிக்கம்பியோடு இணைத்தல் கட்டாயம். பெட்டியின் கதவுக்கும் தனியே ஒரு புவிக்கம்பி வேண்டும். பிணைச்சலிலே பூசிய வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. இணைக்கும் இடத்திலே வர்ணத்தைச் சுரண்டி, பல்லுள்ள வளையம் வைத்து இறுக்க வேண்டும். வீட்டின் ட்றிப் சுவிச் வேலை செய்கின்றதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அமர்த்தி அறிந்துகொள்ளுங்கள். காற்றுவிசிறி வைப்போர், காற்றை வடிதுணி வழியாக உள்ளே தள்ளுமாறு வைக்கட்டும்; வெளியே உறிஞ்சுமாறு வைத்தால் துவாரம் துவாரமாக மரத்தூள் உள்ளே ஏறும். மற்றெல்லாம் தாமே செய்தாலும், 230 வோல்ற்றுப் பகுதியைத் தேர்ந்த மின்னியலாளர் ஒருவர் பார்த்த பின்னரே செருகியைச் சுவரிற் செருக வேண்டும். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. எமது இரண்டாவது பெட்டியையும் அவ்வாறே காட்டினோம். அவர் இரண்டு இடத்தில் பிழை பிடித்தார்.

கடந்த ஞாயிறன்று மாணவர் புதிய பெட்டியோடு வந்தார். இம்முறை தந்தையாரும் கூட வந்திருந்தார். மோட்டரும் றவுட்டரும் இல்லாமலே விறாந்தையில் அதனைச் சோதித்தோம்: றவுட்டர்க் குதையிலே ஒரு மேசை விளக்கைச் செருகினோம். பச்சையைத் தொட்டதும் விளக்கு எரிந்தது. கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, "இப்போது நிறுத்துங்கள்" என்றோம். தந்தையார் குனிந்து சிவப்பை அமர்த்தினார். விளக்கு அணைந்தது. பொத்தானைத் திருகி விடுவித்தார், விளக்கு எரியவில்லை. சுவர் ஆளியை அணைத்துப் போட்டார், அப்போதும் எரியவில்லை. அவர் மகனிடம் பச்சையைத் தொடச் சொல்லி, மறுபடியும் ஒருமுறை சிவப்பை அமர்த்திப் பார்த்தார்.

பின்பு பொத்தானின் வயரைக் கையிலெடுத்து, முழத்தால் அளந்தார்.

"இது காணாது தம்பி" என்றார். "நான் பலகையைப் பிடிக்கிற பக்கத்துக்கு இன்னும் நாலு முழம் வேணும்."